ஆச்சி சொன்ன ஏசா

வருடம் முழுக்க ஓடுகிற ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்குமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும். அந்தத் தண்ணீரைக் கிணறு வெட்டி இறைத்துத்தான் அச்சுவேலிச் சனம் தலைமுறை தலைமுறையாகப் போயிலையும் வெங்காயமும் போட்டது. இறைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. கிழக்கே தொண்டைமானாற்று உப்புநீர் கிடக்கிறது. மேலே நிற்பது நன்னீர், அடியில் உவர். நவக்கிரியில் இருக்கிற நிலாவரைக் கிணற்றிலும் இதே கதைதான். பேராசைப்பட்டு இறைத்தால் உவர் ஏறி, பயிர் நுனி கருகிவிடும். ஆகவே எங்கள் பக்கத்தில் சொத்து என்றால் முதலில் கிணறுதான். காணி உறுதியில் இத்தனை பரப்பு என்று எழுதின கையோடு, கிணற்றில் இன்ன பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதாவிட்டால் அந்தக் காணியை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடக்கநூலில் ஈசாக்கின் ஆட்கள் கிணறு வெட்டுவார்கள். தண்ணீர் கண்டதும் கெரார் ஊர் மேய்ப்பர்கள் வந்து அது எங்களுடையது என்று மல்லுக்கு நிற்பார்கள். ஈசாக்கு விட்டுவிட்டுப் போய் இன்னொன்று வெட்டுவான். அதற்கும் சண்டை. மூன்றாவதை வெட்டின பிறகுதான் ஒருவரும் கேட்டு வரவில்லை. ஆச்சி இந்தக் கதையைச் சொன்னபோது எங்களுக்கு அவள் எதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கெரார் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் கிணற்றடிச் சண்டை தெரியும். அது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எழுபதுகளின் முற்பாதி. சிறிமா அரசாங்கம் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவதை மறித்திருந்த காலம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் கையில் அதற்கு முன்னரும் பின்னரும் புழங்காத காசு அப்போது புழங்கியது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் மிசின் இரைந்தது. ஒரு பரப்புச் செம்மண்ணின் விலை ஏற ஏற, அண்ணன் தம்பிமாருக்கிடையில் கதியால்களும் அரை அடி, ஓரடி என்று நகர்ந்தன. வேலி அடைக்கிற மாதங்களில் ஊரில் நாளுக்கு ஒரு சத்தம் கேட்கும்.

வெங்காயம் கிளப்பினால் இரவில் எங்கள் விறாந்தையில் பிடி கட்டுவோம். நடுவில் அரிக்கன் லாம்பு. சுற்றிவர அம்மா, நாங்கள், பக்கத்து வளவு மாமி. சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு ஆச்சி. கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. ஆனாலும் தாளைப் பிடித்து முறுக்கி முடிச்சுப் போடுவதில் எங்கள் ஒருவராலும் அவளை முந்த முடியாது. நித்திரை தூங்காமல் பிள்ளைகளை வேலையில் வைத்திருக்க அவளுக்கு ஒரே வழிதான். செபமாலை முடிந்ததும் கதை தொடங்கும்.

அவளிடம் வேதாகமம் இருக்கவில்லை. அந்தத் தலைமுறைக் கத்தோலிக்க வீடுகளில் முழு வேதாகமம் அபூர்வம். பூசை தமிழுக்கு வந்ததே அறுபதுகளில்தான். அவளுக்குக் கதைகள் வேறு வழியால் வந்தவை. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் கோவாவிலிருந்து வந்து இந்தத் தீவில் ஒளித்தும் மறைந்தும் திரிந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழில் 'தேவ அருள் வேத புராணம்' எழுதிவைத்தார். வேதாகமம் இல்லாத சனத்துக்கு அதுதான் பழைய ஏற்பாடு. அவர் எழுதின 'வியாகுலப் பிரசங்க'த்தைத் தபசுகாலத்தில் ஒப்பாரி இராகத்தில் படிப்பார்கள். ஆச்சியும் நின்று படித்தவள். அச்சுவேலிக்குச் சொந்தமாக அச்சுக்கூடமும் இருந்தது. புலவர் தம்பிமுத்துப்பிள்ளையின் ஞானப்பிரகாச யந்திரசாலையில் பக்திப் புத்தகங்கள் அச்சாகி வீடு வீடாகப் போயின. மட்டை போன புத்தகமொன்று எங்கள் பெட்டகத்திலும் கிடந்தது. கண் தெரிந்த காலத்தில் ஆச்சி அதை வாசித்திருக்கிறாள். கண் மங்கின பிறகு தன் வாயாலேயே திருத்தியும் கூட்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கதைகளில் புனிதர்கள் குறைவு. யாக்கோபு கள்ளன். லாபான் அவனுக்கு மேலான கள்ளன். தாவீது அடுத்தவன் பெண்சாதியை எடுத்து, புருஷன் உரியாவைச் சண்டையின் முன்வரிசையில் விட்டுக் கொல்லுவித்தவன். யோசேப்பு தமையன்மாரைக் கோள் சொன்ன பொடியன். "இவையளைத்தான் கடவுள் வைச்சுக்கொண்டு மாரடிச்சவர்" என்பாள். எங்களுக்கு அவர்கள் எல்லாரும் இடைக்காட்டிலோ பத்தமேனியிலோ இருக்கிற சொந்தக்காரர் போலத்தான் பட்டது.

அதிகம் சொன்னது ஏசாவின் கதை. வேட்டையால் களைத்து வந்தவன், தம்பி காய்ச்சின பருப்புக் கூழைக் கண்டு மூத்தவனுக்குரிய பங்கை விட்டுக்கொடுத்தான் என்று தொடங்குவாள். மூத்தவனுக்கு அப்படியென்ன தனிப் பங்கு என்று நாங்கள் கேட்போம். எங்கள் வழக்கத்தில் அது இல்லையே. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையில் முதுசம் ஆண்பிள்ளைகளுக்குச் சமம், பெண்பிள்ளைகளுக்குச் சீதனம். "அங்கை மூத்தவனுக்கு இரட்டிப்பு மோனை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவாள். கண் தெரியாத ஈசாக்கு. வேட்டை இறைச்சி கொண்டுவரப் போன மூத்தவன். ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் போய் நின்ற இளையவன். குரல் யாக்கோபின் குரல், கை ஏசாவின் கை என்று கிழவன் தடவிப் பார்க்கிற இடத்தில் அவள் தன் கையை நீட்டுவாள். நாங்கள் ஒவ்வொருவராகக் கையைக் கொடுப்போம். தடவிப் பார்த்து ஆர் ஆரென்று பிழையில்லாமல் சொல்லுவாள்.

பிறகு ஏசா வருவான். ஆசீர் போய்விட்டதென்று தெரிந்ததும், எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையா அப்பா என்று சத்தம் வைத்து அழுவான். இந்த இடத்தில் ஆச்சியின் குரல் பிரசங்க இராகத்துக்கு இறங்கிவிடும். அம்மா தலையை நிமிர்த்தாமல் பிடி கட்டிக்கொண்டிருப்பா. ஐயா எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார்.

மாமி சைவக்காரி. கதைகேட்கிற ஆசையில்தான் எங்களுக்கு உதவி செய்ய வருவா என்று நினைக்கிறேன். "உது எங்கட பாரதம்தானே" என்று ஒருநாள் சொன்னா. ஊசி முனை குத்துகிற நிலமும் தரமாட்டேன் என்று நின்ற துரியோதனனை எடுத்துச் சொன்னா. ஆச்சி மறுக்கவில்லை. ஏசா கடைசியில் தம்பியை என்ன செய்தான் என்று மாமி கேட்க, ஆச்சி சொன்னாள். இருபது வருடம் கழித்து யாக்கோபு ஆடு மாடு பெண்சாதி பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வருகிறான். தமையன் நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்று ஆள் வந்து சொல்லுகிறது. பயத்தில் கூட்டத்தைப் பிரிக்கிறான்; முன்னால் காணிக்கை அனுப்புகிறான்; ஏழு தரம் நிலத்தில் விழுந்து கும்பிட்டபடி போகிறான். ஏசாவோ ஓடிவந்து கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறான். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கட கதையிலை ஆரும் மிஞ்சேல்லையணை" என்றா.

இனி எங்கள் வீட்டுக் கதை.

ஆச்சியின் புருஷன் அப்புவுக்கு ஆண்பிள்ளைகள் இருவர், மூத்தவர் பெரியையா, இளையவர் எங்கள் ஐயா. பெரியையாவுக்குத் தெற்கில் கடை. ஐயா ஊரில் நின்று அப்புவோடு மண் கொத்தினவர். அப்பு பாயில் விழுந்தபோது, நொத்தாரிசு வீட்டுக்கு வந்து கிணறு இருக்கிற துண்டை ஐயாவின் பேரில் எழுதினார். பெரியையாவுக்குத் தெருப்பக்கத்துக் காணி. அதில் கிணற்றுப் பங்கு இல்லை. கடைக்காரனுக்குக் கிணறு எதற்கு, மண் கொத்துகிறவனுக்குத்தானே தண்ணீர் வேண்டும் என்று அப்போது ஞாயமும் பேசப்பட்டது. 1958 கலவரம் வந்தது. கடை எரிந்து, கப்பலில் வடக்கே வந்து சேர்ந்த அகதிகளோடு பெரியையா ஊருக்கு வந்தார். அப்பு அதற்குள் செத்துப்போயிருந்தார். பெட்டகத்தில் உறுதி இருந்தது.

அவர் மல்லாகம் கோட்டில் வழக்கு வைத்தார். பிறக்கிராசிமாருக்கு இரண்டு பக்கத்தாலும் காசு போனது. தன் காணியில் கிணறு வெட்டினார். கல்லுக்கு வெடி வைத்து, கடன்பட்டு, ஆழம் இறக்கி, கடைசியில் கண்டது உவர். நான் பிறந்து வளர்ந்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவில் பூவரசங் கதியால் வேலி கிடுகோடு உயர்ந்து நின்றது. நல்லது கெட்டதற்குப் போவதில்லை. ஞாயிறு பூசைக்குச் சூசையப்பர் கோவிலில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். ஒரே சுவாமியாரிடம் நன்மை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட ஐயா தன் தமையனுக்கு இரண்டு மூன்று பேர் பின்னால் நிற்கப் பார்த்துக்கொள்வார்.

ஒரு இரவு நான் கேட்டேன்: "எணை ஆச்சி, யாக்கோபுக்கு ஆட்டுத்தோல் சுத்திவிட்டது ஆர்?"

"தாய்தான்" என்றாள். ஒரு பிடி கட்டி முடித்தாள். "கறியும் அவள்தான் காய்ச்சினவள்."

"பிறகு அவளுக்கு என்ன நடந்தது?"

கொஞ்ச நாளைக்குப் போயிரு, தமையனின் கோவம் ஆறினதும் ஆளனுப்பிக் கூப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் ரெபேக்கா இளையவனை அனுப்பினாள். கொஞ்ச நாள் இருபது வருடமாயிற்று. அவன் திரும்பி வந்தபோது தாயைக் கண்டதாக வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை. அவளை வளர்த்த செவிலித்தாயின் சாவு எழுதப்பட்டிருக்கிறது. அவளுடைய சாவு எழுதப்படவில்லை. இதெல்லாம் நான் பின்னாளில் வாசித்து அறிந்தது. ஆச்சி அன்றைக்குச் சொன்னது, "அவள் ஆளனுப்பேல்லை மோனை" என்பது மட்டும்.

தாவீதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரும். உரியாவின் பெண்சாதி விஷயத்தில்கூட அவ்வளவு வராது. அதற்கு அவன் அழுது தபசு செய்தான் என்பாள். மகன் அப்சலோமின் விஷயத்தில்தான். அப்சலோமின் தங்கச்சி தாமாரை ஒரு தகப்பன் பிள்ளையான அம்னோனே கெடுக்க, தாவீது கோபப்பட்டான், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் பொறுத்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான். மூன்று வருடம் ஊரைவிட்டு ஓடியிருந்தான். பிறகு தாவீது அவனை எருசலேமுக்குக் கூப்பிட்டான். கூப்பிட்டவன், தன் முகத்தில் முழிக்கவேண்டாம் என்று சொல்லி இன்னும் இரண்டு வருடம் தள்ளிவைத்தான். "ஊருக்கை வரவிட்டிட்டு வீட்டுக்கை வரவிடேல்லை. உது என்ன மன்னிப்பு?" என்று கேட்பாள். கடைசியில் அப்சலோம் தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டி, மரக்கிளையில் தலை மாட்டித் தொங்க, யோவாபு மூன்று ஈட்டியால் குத்தினான். தாவீது மேல்வீட்டுக்கு ஏறிப்போய் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். நான் செத்திருக்கக் கூடாதா என்று அழுதான். அந்த அழுகையைப் பற்றி உரைகளும் பிரசங்கங்களும் நிறைய உண்டு. முகம் பாராமல் விட்ட அந்த இரண்டு வருடத்தை ஆச்சி அளவுக்கு யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு வருடத்தில் தகப்பன் கதவைத் திறந்திருந்தால் காட்டில் அந்தச் சண்டையே நடந்திராது என்பது அவள் தீர்ப்பு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஒரு சித்திரை வெயிலில் ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டு, பெரியாஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். தோட்டத்தில் வெங்காயம் பாதிப் பருவம். நாலு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் கட்டாவிட்டால் தாள் மஞ்சளிக்கும். எல்லாருடைய தோட்டத்திலும் இறைப்பு நடக்கிற நேரம், கூலிக்கு ஆள் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில். நானும் அக்காவும் மிசினுக்குக் கயிறு சுற்றி இழுத்துப் பார்த்தோம். அது இருமிவிட்டு நின்றது.

விடியப்புறம் கிணற்றடியில் மிசின் சத்தம் கேட்டு ஓடினேன். பெரியையா நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் மண்வெட்டி. வேலிக்கு மேலால் மாமிதான் சொல்லியிருக்கவேண்டும். தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கியிருந்தது.

"தண்ணி மாறத் தெரியுமோடா?"

"ஓம் பெரியையா."

"அப்ப கடைசிப் பாத்திக்குப் போய் நில்."

அவர் என்னோடு பேசின முதல் வார்த்தைகள் அவை. வெயில் ஏறும்வரை இறைத்தார். பாத்தி நிறைய நிறைய நான் வரம்பை வெட்டி அடுத்ததற்கு மாறினேன். தனக்கு எழுதப்படாத கிணற்றில் இறைத்து, தனக்கு எழுதப்படாத மண்ணுக்குத் தண்ணீர் கட்டினார். முடிந்ததும் மிசினை நிற்பாட்டி, தொட்டியில் முகம் கழுவிவிட்டுப் போனார். அக்கா கொடுத்துவிட்டிருந்த பனங்கட்டியும் தேத்தண்ணியும் அப்படியே ஆறிக் கிடந்தன. ஐயா வீட்டுக்கு வரும்வரை இப்படியே முறை தவறாமல் வந்தார்.

ஐயா ஆஸ்பத்திரியால் வந்த பின்னேரம், இன்னும் நடக்கத் தள்ளாடிக்கொண்டே தெருவால் சுற்றிப்போய்ப் பெரியையாவின் படலையில் நின்றார். நானும் பின்னால் போயிருந்தேன். "அண்ணை" என்றார். அதற்குமேல் வரவில்லை. உள்ளேயிருந்து, "படலை சாத்தேல்லை, வா தம்பி" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் திண்ணையில் இருந்து மிசினில் ஒழுகுகிற வாசரைப் பற்றியும், உரம் வந்த விலையைப் பற்றியும் பேசினார்கள். உறுதியைப் பற்றிப் பேசவில்லை.

ஆச்சி அடுத்த நாள் தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். நான் கையைப் பிடித்துக் கொண்டுபோனேன். பெரியையா எழுந்து வந்து தாயைக் கதிரையில் இருத்தினார். அவள் அவருடைய கையைப் பிடித்துத் தடவினாள். பிறகு சொன்னாள்:

"அப்புவைக் கொண்டு நான்தான் மோனை எழுதுவிச்சனான். தம்பிக்கு அதிலை ஒண்டும் தெரியாது."

"தெரியுமணை" என்றார் பெரியையா.

"எப்பையிருந்து?"

"வந்த அண்டைக்கே தெரியும். கோட்டிலை உன்ரை பேரை இழுக்க எனக்கு மனம் வரேல்லை."

வழக்கு இன்னும் முடியாமல்தான் கிடந்தது. பெரியையா பிறக்கிராசிக்குச் சொல்லி அதை மீளப் பெற்றுக்கொண்டார். ஐயா வேலியில் ஒரு பொட்டு வைத்து, செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு இறைப்பு முறை விட்டார். உறுதி மாற்றப்படவில்லை. இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டதென்றும் சொல்லமாட்டேன். பழைய சொல்லொன்று நாக்கு நுனிக்கு வந்து நின்றுபோவதை நல்ல நாட்களிலும் பார்த்திருக்கிறேன். யாக்கோபும் அப்படித்தான். கட்டிப்பிடித்து அழுத பிறகு ஏசா, வா என்னோடு சேர்ந்து போவோம் என்கிறான். பிள்ளைகள் சிறிசு, ஆடுகள் பால் குடுக்கிறவை, நீங்கள் முன்னாலே போங்கோ நான் ஆறுதலாய்ச் சேயீருக்கு வாறன் என்கிறான் யாக்கோபு. போகவில்லை. சுக்கோத்தில் வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். ஆனால் ஈசாக்கு செத்தபோது அடக்கம் செய்தவர்கள் யாரென்று எழுதியிருக்கிறது: ஏசாவும் யாக்கோபும். ஆச்சியின் பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிப் போனபோது தலைமாட்டில் ஒருபுறம் பெரியையா, மறுபுறம் ஐயா.

அவள் கதைகளைத் திரும்ப நினைக்கும்போது எனக்கு ஒன்று தெரிகிறது. அவற்றில் அருள் வானத்தாலே இறங்கி வருவது மிகக் குறைவு. ஏமாற்றப்பட்டவனின் கையால் வருகிறது. ஏசாவால் யாக்கோபுக்கு. விற்கப்பட்ட யோசேப்பால், இருபது வெள்ளிக்காசுக்கு அவனை விற்கச் சொன்ன யூதாவுக்கு. யூதாவும் சும்மா பெறவில்லை. பெஞ்சமினுக்குப் பதிலாக என்னை அடிமையாக்கு என்று முன்னால் வந்து நின்றான். அந்த யூதாவின் பெயரும், அவனால் பிள்ளைபெற்ற மருமகள் தாமாரின் பெயரும், உரியாவின் பெண்சாதி என்ற சொல்லும் மத்தேயு எழுதின இயேசுவின் வமிசவரிசையில் நிற்கின்றன. டிசெம்பர் 17ஆம் தேதிப் பூசையில் அதை வாசிப்பார்கள். சிறுவயதில் வாயில் நுழையாத பெயர்களைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரிப்போம். இப்போது அந்தப் பெயர்களில் பாதி எனக்கு ஆச்சியின் குரலில்தான் கேட்கின்றன.

1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே உழவுமிசின் பெட்டியில் ஏறியது. கிணற்றை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பெரியையாவும் ஐயாவும் இன்று இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் கனடாவிலும் இங்கிலாந்திலும்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறவர்களிடமும், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிறவர்களிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. யோசேப்பின் பல நிறச் சட்டையோடும், கோலியாத்தை விழுத்தின கவணோடும் கதையை நிற்பாட்டவேண்டாம். காணிக்கும் சீதனத்துக்கும் பேச்சு நின்றுபோன வீடுகளில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆட்டுத்தோலைச் சுற்றிவிட்ட தாயைப் பற்றியும், மகனின் முகத்தைப் பாராமல் இரண்டு வருடம் இருந்த தகப்பனைப் பற்றியும், ஓடிவந்த தமையனைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். எதையும் வெட்டாமல் சொல்லுங்கள்.